பழுதைத் தாண்டிச் செல்லும் நொதி

நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா ஒற்றைச் செல் உயிர். அதன் டிஎன்ஏவில் சுமார் 46 லட்சம் எழுத்து இணைகள். செல் இரண்டாகப் பிரியும் முன் அத்தனையும் நகலாக வேண்டும். பாலிமரேஸ் 3 என்ற நொதி நொடிக்குச் சுமார் 1,000 எழுத்து வேகத்தில் நகலெடுக்கும். தவறு விழுந்தால் தானே வெட்டித் திருத்தும்.

ஆனால் புறஊதாக் கதிர் பட்டால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின் எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் பாலிமரேஸ் 3 நின்றுபோகும். நகல் முடியாத செல் செத்துவிடும்.

அப்போது நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெறுமையாகக் கிடக்கும் ஒற்றை இழையில் ரெக்-ஏ என்ற புரதம் வரிசையாக ஏறிக்கொள்ளும். அது தொட்டதும், லெக்ஸ்-ஏ என்ற காவல் புரதம் தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும். அடக்கி வைத்திருந்த நாற்பதுக்கு மேற்பட்ட மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். முதலில் வருபவை பழுதுபார்க்கும் நொதிகள். அவற்றாலும் முடியாதபோதுதான், முக்கால் மணி நேரம் கழித்து, பாலிமரேஸ் 5 வரும். திருத்தும் திறன் அதற்குக் கிடையாது. ஒட்டிய எழுத்துகளுக்கு எதிரே எதையாவது எழுதிச் சில எழுத்து தூரம் கடந்துவிட்டு விலகிக்கொள்ளும். அது எழுதுவது தவறாகவும் இருக்கலாம். ஆனால் செல் உயிரோடு இருக்கும். அந்த நொதியை இவ்வளவு நேரம் தடுத்து வைத்திருக்கிறதே அந்தச் சின்னஞ்சிறு உயிர், அந்த நிதானத்தை நினைத்துப் பாருங்கள்!

எங்கள் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு இதைச் செய்தே காட்டுகிறோம். சாதாரண ஈ. கோலை ஒன்று, பாலிமரேஸ் 5 இல்லாதது ஒன்று. இரண்டுக்கும் புறஊதா விளக்கைக் காட்டி இருட்டில் வளர்ப்போம். ஏன் இருட்டு என்கிறீர்களா? வெளிச்சம் பட்டால் வேறொரு நொதி அந்த ஒட்டலைப் பிரித்துவிடும். பிறகு காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கலந்த தட்டில் பரப்புவோம். சாதாரண வகையில், மருந்தை எதிர்த்து நிற்கும் புள்ளிகள் ஏராளமாக முளைக்கும். மற்றதில் மிகக் குறைவு. மருந்துக்கு அடங்காத அந்தப் புள்ளிகளெல்லாம் நகலில் விழுந்த தவறின் பிள்ளைகள்.

இந்த ஆய்வுகளுக்கு வழி திறந்தவர்களில் முதன்மையானவர் ஈவ்லின் விட்கின். 1944இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் அவர் கதிர் காட்டிய பாக்டீரியாக்களில் நான்கே கூட்டங்கள் மிஞ்சின. அவை எப்படித் தப்பின என்ற கேள்வியை வாழ்நாளெல்லாம் துரத்தினார். 2023இல், 102ஆம் வயதில் மறைந்தார். பாலிமரேஸ் 5 ஒரு நகலெடுக்கும் நொதி என்பது 1999இல்தான் உறுதியானது.

நேரம் நெருங்குகிறது, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் பாக்டீரியாவின் டிஎன்ஏவைச் சிதைத்து லெக்ஸ்-ஏ அடக்கி வைத்திருக்கும் இதே அமைப்பை எழுப்புகின்றன. லெக்ஸ்-ஏ அறுபடாதபடி மாற்றிய ஈ. கோலையால், எலிகளின் உடலில் அந்த மருந்துக்கு எதிர்ப்பை வளர்க்க முடியவில்லை என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் பாக்டீரியாவுக்கு ஒரு வாய்ப்பு. ஆகவே மருத்துவர் சொல்லாமல் மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள்.