கும்பினிப் பட்டாளமும் ஊமைத்துரை கதையும்

ஒட்டப்பிடாரம் பக்கம் போகிறவர்கள் பாஞ்சாலங்குறிச்சியில் இறங்கிப் பார்ப்பது 1974-இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டையை. பழைய மண்கோட்டையைக் கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், 1801-இல் தரைமட்டமாக்கினார்கள். ஊர்ப்பெயரையே கணக்கிலிருந்து நீக்கினார்கள். அந்தப் பெயரை அழியாமல் காத்ததில் நம் கதைப்பாடல்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கோட்டையை ஆண்ட கட்டபொம்மனைப் பாடும் கட்டபொம்மு கதைப்பாடலைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்ததால், இன்று நாம் அதை நூலாகவும் படிக்க முடிகிறது.

நாள் கணக்குக்காக இந்தப் பாடலைத் தேடிப் பயனில்லை. 1799 செப்டம்பர் 5-இல் மேஜர் பானர்மேன் கோட்டையைத் தாக்கியதும், அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதும் கும்பினி ஆவணங்களில் இருக்கின்றன. பாடகருக்கு வேண்டியது வேறு. கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத்தேவன் சண்டைக்குப் புறப்படுகிறான். மனைவி வெள்ளையம்மாள் கெட்ட கனவு கண்டிருக்கிறாள். போக வேண்டாம் என்று மறிக்கிறாள். அவன் போகிறான். ஆவணத்தில் எதிரிக்குச் சேதம் என்று ஒரு வரியில் முடிகிற சங்கதி, பாட்டில் ஒரு வீட்டு வாசலில் நின்று அழுகிறது. கதைப்பாடலின் பலம் இதுதான்.

குறையும் உண்டு. சண்டை என்று வந்துவிட்டால் மிகைக்கு அளவில்லை. கும்பினிக்குத் துணைநின்ற எட்டயபுரத்தாரைப் பற்றிப் பேசும்போது நிதானம் போய்விடும். அதனால்தான் படித்தவர்கள் இதையெல்லாம் வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள்.

அப்படி ஒதுக்குகிறவர்கள் ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியதைப் பார்க்க வேண்டும். கட்டபொம்மனுக்குப் பிறகு அவர் தம்பி ஊமைத்துரை நடத்திய 1801 போரில் கும்பினிப் பக்கம் நின்றவர் வெல்ஷ். பின்னாளில் கர்னல் ஆனார். 1830-இல் தம் ராணுவ நினைவுகளை நூலாக வெளியிட்டார். கும்பினிக் கடிதங்களுக்கு ஊமைத்துரை ஒரு கலகக்காரன், அவ்வளவுதான். வெல்ஷின் பேனாவோ அவரைக் கண்டு வியக்கிறது. வாய் பேசாத அந்த மனிதர் தலையசைத்தால் போதும், ஆட்கள் உயிரைக் கொடுப்பார்களாம். இடது உள்ளங்கையில் சின்னச் சின்ன வைக்கோல் துரும்புகளை வரிசையாக வைப்பாராம். அதுதான் வெள்ளைக்காரப் பட்டாளம். மற்றக் கையால் ஒரே வீச்சில் தள்ளி, வாயால் 'விர்ர்' என்று ஒலி எழுப்புவாராம். தாக்குதலுக்கு அதுவே உத்தரவு.

1801 மே 24-இல் கோட்டை விழுந்தது. அன்று காயம்பட்டு விழுந்து கிடந்தவர்களிடையே ஒரு தாய் தன் மகனைத் தேடி வருகிறாள். மகனுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. என்னை விடு, பக்கத்தில் கிடக்கிற சாமியைத் தூக்கிப் போ என்கிறான். ஊமைத்துரையைத்தான் சொல்கிறான். அவரைத் தன் குடிசைக்குக் கொண்டுபோகிறாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்ததும், உடலைத் துணியால் மூடி, பெரியம்மையில் செத்துவிட்டான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து ஓடிவிடுகிறார்கள். இதை எழுதியிருப்பவர் நம் ஊர்ப் பாடகர் அல்ல, எதிரிப் பட்டாளத்து அதிகாரி. தப்பிய ஊமைத்துரை மருது சகோதரர்களோடு சேர்ந்து மறுபடி போராடி, அதே ஆண்டு நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்.

1959-இல் வந்த சிவாஜி கணேசன் படம் கயத்தாற்றுப் புளியமரத்தோடு முடிகிறது. அதன் வசனம் ஊரெல்லாம் மனப்பாடம்; ஆனால் தாய் காப்பாற்றிய அந்தத் தம்பியின் கதை பாதிப் பேருக்குத் தெரியாது. அடுத்த முறை உங்கள் ஊர்க் கோயில் கொடையில் கட்டபொம்மன் கதை நடந்தால், ஊமைத்துரை பகுதியையும் பாடச் சொல்லிக் கேளுங்கள். பாடகர் கூட்டிச் சொல்கிறாரோ என்று சந்தேகம் வந்தால் வெல்ஷைப் புரட்டுங்கள். ஊமைத்துரையைச் சுட வந்தவரைவிட நல்ல சாட்சி நமக்குக் கிடைக்காது.