பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள்

1939 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 1 ஆந் திகதி காலையில், இங்கிலாந்தின் புகையிரத நிலையங்களிலே பாடசாலைச் சிறார் அணியணியாக நின்றனர். உடையிலே பெயர்ச்சீட்டு, தோளிலே நச்சுவாயுக் கவசம், கையிலே சிறு பொதி. உடன் சென்றோர் ஆசிரியரே, பெற்றோர் அல்லர். ஜெர்மானியரின் குண்டுவீச்சுக்கு அஞ்சிய அரசாங்கம், நகரத்துப் பிள்ளைகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்பியது. சில நாட்களுள் இடம்பெயர்ந்தோர் தொகை ஏறக்குறைய 15 இலட்சம். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தாய் தந்தையரின்றிச் சென்ற மாணவர்.

பல ஊர்களிலே அச்சிறார் பொது மண்டபத்தில் நிறுத்தப்பட்டனர். வீட்டுக்காரர் வந்து தமக்குப் பிடித்த பிள்ளையைத் தெரிந்து அழைத்துச் சென்றனர். எவரும் விரும்பாது இறுதிவரை நின்ற பிள்ளையின் உள்ளம் என்ன பாடு பட்டிருக்கும்! பாடசாலை சென்றால் அங்கே அவர்தம் பேச்சும் உடையும் பரிகாசத்துக்கு இலக்காயின. இரவிலே படுக்கையை நனைத்த பிள்ளைகளும் பலர். அதனை வளர்ப்பின் குறையென்று ஏசியோர் இருந்தனர். ஆயின், வாயாற் சொல்ல இயலாத துயரம் உடலின் வழியே வெளிப்பட்டதென்பதை வைத்தியர் சிலர் உணர்ந்தனர். ஜோன் பௌல்பி, இமானுவல் மில்லர், டொனால்ட் வினிகொட் ஆகிய மூவரும், இளங் குழந்தைகளைத் தாயினின்றும் பிரித்தல் ஆபத்தானது என்று அவ்வாண்டு டிசெம்பரிலேயே பிரித்தானிய வைத்திய சஞ்சிகைக்கு எழுதி எச்சரித்தனர்.

இலண்டன் ஹாம்ஸ்டெட் பகுதியிலே யுத்தகாலக் குழந்தைகள் இல்லம் நடத்திய அன்னா புரொயிட், டொரதி பேர்லிங்காம் என்னும் இரு பெண்மணிகளும் கண்ட உண்மை இதனை வலியுறுத்தியது. குண்டுகளின் ஓசையினும் தாயின் பிரிவே குழந்தைகளை அதிகம் வாட்டியது. எனவே பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க அங்கே அனுமதி அளிக்கப்பட்டது. ஒரு சில குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்ற முறையிலே சிறு குடும்பங்கள் அமைக்கப்பட்டன. தொடக்கத்திலே பொறாமையும் அழுகையும் மிகுந்தன. பின்னர் அமைதி பிறந்தது.

பிரிவுத்துயரின் படிகளை ஜேம்ஸ் ரொபேட்சன் என்பார் விளக்கினார். முதலிலே பிள்ளை கதறி எதிர்க்கும்; அடுத்து மனமொடிந்து சோரும்; இறுதியிலே பற்றற்றதுபோல் ஒதுங்கும். இம்மூன்றாம் நிலையைக் கண்டே பெரியோர், "பிள்ளை பழகிவிட்டது" என்று மகிழ்ந்து ஏமாறுகின்றனர். வைத்தியசாலையிலே தனித்து விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றி அவர் 1952 இல் வெளியிட்ட படம் பலருடைய கண்களைத் திறந்தது.

இத்தகைய பிள்ளையே கொடுமைப்படுத்துவோர்க்கு எளிதில் இலக்காகிறது. அடித்தவனைப் பற்றி முறையிட வீட்டிலே ஆளில்லை என்பதைச் சக மாணவர் விரைவில் அறிந்துகொள்வர். அடிபட்ட பிள்ளை மௌனமாகிறது; அல்லது தன்னினும் சிறிய பிள்ளையை அடிக்கத் தொடங்குகிறது. முரட்டுத்தனமும் சில வேளைகளிலே துயரத்தின் மறுவடிவமே.

இஃது எங்கோ நடந்த பழங்கதை அன்று. தாயார் மத்திய கிழக்கிலே பணிப்பெண்ணாக உழைக்க, பாட்டியாரிடமும் சிறிய தாயாரிடமும் வளரும் பிள்ளைகள் இலங்கையிலே மிகப் பலர். தாயார் அனுப்பும் பணம் வீட்டுக்குக் கூரையாகலாம், பிள்ளைக்கு மடியாகாது. ஆயினும் அத்தாய்மாரைப் பழித்தல் தகாது. வறுமையே பலரை வழியனுப்பியது.

செய்யத்தக்கவை பெருஞ்செலவுடையன அல்ல. தாயார் புறப்படுமுன் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லல் வேண்டும். உறக்கத்திலே விட்டுச் செல்லலாகாது. குறித்த நாளிலே குறித்த வேளையிலே தாயின் குரல் தொலைபேசியிற் கேட்டல் வேண்டும். பிள்ளையைக் கைக்குக் கை மாற்றாது ஒருவரே பொறுப்பேற்றல் நன்று. உண்ண மறுத்தல், உறக்கமின்மை, விளையாட்டை வெறுத்தல், பாடசாலைக்குப் போக அஞ்சுதல் ஆகியன வாரக்கணக்கில் நீடிப்பின் வைத்திய ஆலோசனையை நாடுதல் அவசியம். கொடுமை நேரிடின், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

ஆசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. வகுப்பின் மூலையிலே குழப்பஞ் செய்யாது அமர்ந்திருக்கும் பிள்ளையை "நல்ல பிள்ளை" என்று பாராட்டி விட்டுவிடுதல் போதாது. இடைவேளையிலே அப்பிள்ளை யாரோடு உணவருந்துகிறது என்று ஒருமுறை பார்த்தல் வேண்டும். அந்த ஒரு பார்வையிலே அதன் மௌனம் கலையக்கூடும்.