அம்மாவின் மறதி
(சங்கத்தின் ஆண்டு விழாவிற் செய்த பேச்சு)

 

பக்தியைப் பற்றிப் பேசவேண்டுமென்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சாத்திரம் படித்தவனல்லன் நான். எனக்குத் தெரிந்த பக்தியெல்லாம் என் அம்மாவிடம் கண்டதுதான். அம்மாவிடமோ பக்தியைக் காட்டிலும் மறதிதான் அதிகம். ஆகையால் மறதியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்திலே நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர் அம்மா. ஒருநாள் விடியற்காலை, கயிறு தலையிலும் கூடை முதுகிலுமாக லயத்து வாசலில் நின்றுகொண்டு, "எவடி என் கூடையை எடுத்தது?" என்று சத்தம் போட்டார். லயமே சிரித்தது. விஷயம் விளங்கியதும் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அம்மாதான். அன்று பிரட்டுக்குப் பிந்திப்போனது வேறு கதை.

இன்னொரு நாள் விருந்தாளிகளுக்குத் தேநீர் கொடுத்தார். சீனி இருந்தது, இஞ்சியும் இருந்தது, தேயிலைதான் இல்லை! அப்பா ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு, "கொழுந்தெல்லாம் கப்பலேறிப் போச்சு, நமக்கு மிச்சம் இந்தச் சுடுதண்ணி" என்றார். வந்தவர்கள் இரண்டாம் கோப்பையும் கேட்டுக் குடித்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் நிற்பதும், பெற்ற பிள்ளையின் முகம் மறப்பதும் வேறு. அது நோய்; வைத்தியரிடம் காட்டவேண்டும். நான் சொல்வது கறிக்கு உப்பை இரண்டுதரம் போடுகிற மறதியை.

நம் பெரியபுராணத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார். திருக்கடவூர்க் குங்கிலியக் கலய நாயனார். பசித்த பிள்ளைகளுக்கு நெல் வாங்கி வரும்படி மனைவியார் தாலியைக் கழற்றிக் கொடுத்தார். வழியில் குங்கிலிய வணிகனைக் கண்ட நாயனார், தாலியைக் கொடுத்துக் குங்கிலியப் பொதியை வாங்கிக்கொண்டு நேரே கோவிலுக்குப் போய்விட்டார். வீட்டு நினைவே இல்லை! இறைவன் அவர் வீட்டைச் செல்வத்தால் நிறைத்து, போய்ச் சாப்பிடு என்று நாயனாருக்கும் சொல்லவேண்டியதாயிற்று. நாயனாரைப் புகழ்கிறோம், சரிதான். அன்றிரவு பட்டினியாகப் படுத்த அந்த அம்மையாரை எத்தனை பேர் நினைக்கிறோம்?

சென்ற வருடம் அம்மாவின் அடையாள அட்டை தேவைப்பட்டது. "பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். எங்கே என்பதுதான் மறந்துவிட்டது. அரைநாள் தேடியும் கிடைக்காத கோபத்திலே, "எதையாவது ஞாபகம் வச்சிருக்கியாம்மா?" என்று கத்திவிட்டேன். அம்மா அன்று சிரிக்கவில்லை. பேசாமல் பழைய டிரங்குப் பெட்டியை இழுத்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தார்.

அடியிலே மஞ்சள் துணி முடிச்சு ஒன்று கிடந்தது. அவிழ்த்தால் ஒரு ரூபாய் நாணயம் ஒன்று, இருபத்தைந்து சதம் ஒன்று. இரண்டிலும் 1963 என்று பொறித்திருந்தது. ஒன்றேகால் ரூபாய்! மாரியம்மனுக்கு முடிந்துவைத்த காணிக்கை. வேண்டியது நடந்தால் செலுத்துவது வழக்கம். இதுவோ செலுத்தப்படாமலே கிடந்திருக்கிறது.

"எதுக்கும்மா முடிஞ்சது?"

நெடுநேரம் யோசித்தார். "ஞாபகம் இல்லே ராசா. அவளுக்குத் தெரியும். திருவிழாவுக்குக் கொண்டுபோய்ப் போட்டுடுவோம்."

அம்மா அடுப்படிக்குப் போனபின் அப்பா மெதுவாகச் சொன்னார்: "அது உன் பெரியம்மா சேலைத் துண்டுடா."

வாலிபர்களில் சிலருக்குத் தெரியாதிருக்கலாம். 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்திலே நம்மவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும், 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரண்டு நாடும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்திலே அக்காவுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு. பெரியம்மா அந்த 1974 இலேதான் ஹட்டனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் போனார். பிறகு நீலகிரியிலே அங்கும் கொழுந்துதான் பறித்தார். திரும்பி வரவேயில்லை. அவர் காலமான கடிதம் வந்தபோது அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது.

அக்கா திரும்பி வரவேண்டுமென்று முடிந்த முடிச்சு அது. அம்மாவிடம் அதைச் சொல்வதா என்று அப்பாவைக் கேட்டேன். வேண்டாமென்று தலையசைத்தார். உண்மையிலேயே மறந்துவிட்டாரா, எங்களுக்காக மறந்தாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடையாள அட்டையோ, சாமிப்படத்துக்குப் பின்னால் இருந்தது. அதைக் கண்டு அம்மா வாய்விட்டுச் சிரித்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

திருவிழா அன்று தோட்டத்துக் கோவில் உண்டியலில் அம்மா அந்த முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே போட்டார். கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். திருநீறு வாங்கிக்கொண்டு படியிறங்கினோம். பாதி வழியிலே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, அந்தக் காசை உண்டியல்லே போட்டேனா?"

"போட்டாச்சும்மா."

"நல்லவேளை. வா, மழை வருது."