வீம்பைக் குறைத்தால் துடுப்பு இனிக்கும்
(நம் சங்கத்தின் கொல்கத்தா அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

லேக் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகும்போது, ரவீந்திர ஸரோவரில் படகு வலிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் அடியேனும் ஒருவன். வயது 61.

உலகப் போட்டிகளில் 27 வயதிலேயே 'மாஸ்டர்ஸ்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 2000 மீட்டருக்குப் பதில் 1000 மீட்டர்தான். நானோ வாலிபர்களின் 289 செ.மீ. துடுப்பையே பிடித்தேன். முதுகு பிடித்துக்கொண்டது; மூன்று மாதம் கரையில் உட்கார்ந்தேன். "படகை விட்டுடுங்கோ" என்றாள் ஆத்துக்காரி. விடவேண்டியது படகை அல்ல, வீம்பை என்று பிறகுதான் புரிந்தது.

ஸ்கல்லிங்கில் ஆளுக்கு இரண்டு துடுப்பு. இரண்டும் நெம்புகோல்களே. காலரிலிருந்து கைப்பிடி நுனி வரை உள்நீளம், மீதி வெளிநீளம். வெளிநீளம் குறைந்தால் பளு குறையும்.

கைப்பிடியை உள்ளே தள்ளி மொத்த நீளத்தை 285 ஆக்கினேன். அப்போது உள்நீளமும் குறைந்துவிடும். ஆகவே காலரையும் அலகுப் பக்கம் நகர்த்தி, பழைய 88 செ.மீ.க்கே கொண்டுவந்தேன். என் படகில் துடுப்புத் தாங்கிகளின் இடைவெளி 159. கைப்பிடிகள் நடுவே ஒன்றையொன்று கடக்கும். அது போதும்.

என் அனுபவத்தில் ஒரு சமயத்தில் ஒரே மாற்றம், இரு துடுப்பிலும் சமமாக. பிறகு நாலைந்து நாள் வலித்துப் பார்க்கவேண்டும்.

இப்போது தினமும் போகிறேன். வலிப்பது துடுப்பாக இருக்கட்டும், முதுகாக வேண்டாம்!