எஞ்சின் விளக்கு எரியும்போது

மோட்டார் வண்டி வைத்திருப்போர் எல்லோரும் ஒரு நாளேனும் அந்த விளக்கைக் கண்டிருப்பர். வண்டியின் முகப்புப் பலகையில், எஞ்சினின் வடிவத்தைக் கோட்டுச் சித்திரமாக வரைந்தாற்போன்ற ஒரு குறி மஞ்சள் நிறத்தில் எரியும். 'எஞ்சினைப் பரிசோதிக்க' என்பது அதன் பொருள். எதைப் பரிசோதிப்பது, யார் பரிசோதிப்பது, இப்பொழுதேயா அல்லது நாளைக்கா என்று அது சொல்வதில்லை. மத்திய அரசின் கோப்புகளை மொழிபெயர்ப்பதே எங்கள் அலுவல். இத்துணைச் சுருக்கமான உத்தரவு எந்தக் கோப்பிலும் எங்கள் கைக்கு வந்ததில்லை.

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழருக்குத் தம்பானூரைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. ரயில் நிலையமும் அதற்கு எதிரே அரசுப் பேருந்து நிலையமும் அங்கேதான் இருக்கின்றன. நாகர்கோவிலினின்றும் நெல்லையினின்றும் வரும் நம்மவர் முதலில் கால் வைக்கும் மண் அது. ஆயினும் அது தாழ்வான இடம். ஆமையிழஞ்சான் தோடு என்னும் கால்வாய் அங்கே தண்டவாளங்களின் அடியில் புகுந்து செல்கிறது. பெருமழை பெய்தால் வடிய வழியின்றி நீர் சாலையில் நிற்கும். 2015ஆம் ஆண்டில் 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் நகரத்தின் வடிகால்களைத் திறந்து துப்புரவு செய்தனர். அதன் பின்னரும் தண்ணீர் தேங்கியே வந்திருக்கிறது.

அத்தகைய ஓர் ஐப்பசி மாலையில் எங்கள் பெரியப்பாவை அழைத்துவர ரயிலடிக்குச் சென்றிருந்தோம். மறுநாள் காலை ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் அவருக்கு இருதயப் பரிசோதனை. அவரை முன்னிருக்கையில் அமர்த்தி, தேங்கிய நீரில் மெல்ல வண்டியைச் செலுத்தினோம். நீரைக் கடந்து மேடேறும்போது எஞ்சின் விக்கியது, வண்டி உதறியது. மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னியது. "என்ன தம்பி, கண்ணடிக்கிறது?" என்றார் பெரியப்பா.

அந்த விளக்கு எங்களுக்குப் புதியதன்று. இரண்டு வாரங்களுக்கு முன்பே அது மின்னாமல் நிலையாக எரிந்தது. அப்பொழுது ஒரு பட்டறையில் கைக்கருவி ஒன்றை வண்டியில் இணைத்து, இரண்டு பொத்தான்களை அழுத்தி விளக்கை அணைத்துக் கொடுத்தனர். வண்டியும் நன்றாகவே ஓடுவதாகத் தோன்றியது. கொடுத்த பணம் சிறிது. நாங்களும் மகிழ்ந்து திரும்பினோம். செய்த பிழை அதுவே.

இந்த விளக்கு எஞ்சினைக் காக்கப் பிறந்ததென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது காற்றைக் காக்கப் பிறந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் கண்ணெரியச் செய்த புகைமூட்டத்தை ஹாகன் ஸ்மிட் என்ற வேதியியலார் 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். மோட்டார் வண்டிகளின் புகையில் உள்ள எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் வாயுக்களும் வெயில் பட்டு மாறுவதே காரணம் என்று அவர் காட்டினார். புகையைச் சுத்திகரிக்கும் சாதனமாகிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 1975ஆம் ஆண்டு மாதிரி அமெரிக்க வண்டிகளில் பரவலாக வந்தது. வண்டி தன் பழுதைத் தானே கண்டறிந்து விளக்கேற்ற வேண்டும் என்ற விதி கலிபோர்னியாவில் 1988ஆம் ஆண்டு வண்டிகளுக்கு ஏற்பட்டது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் நான்கு விதிகளோடு 2010 ஏப்ரலிலும், மேலும் விரிவான முறையில் 2013 ஏப்ரலிலும் அது புகுந்தது.

ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிய எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த விகிதத்தை விடாமல் கண்காணிப்பது புகைக்குழாயில் பொருத்தியுள்ள பிராணவாயு சென்சார். புகையில் பிராணவாயு மிகுந்தால், வண்டியிலுள்ள சிறு கணினி பெட்ரோலைக் கூட்டும். குறைந்தால் பெட்ரோலைக் குறைக்கும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள மற்றொரு சென்சார், சுத்திகரிப்பு ஒழுங்காக நடைபெறுகிறதா என்று பார்க்கும். எஞ்சின் சுழலும் வேகத்தை நுட்பமாக அளந்து, எந்தச் சிலிண்டர் எரியத் தவறியது என்பதையும் கணினி கண்டுகொள்ளும். பல பழுதுகளை அது ஒரே தடவையில் நம்பிவிடுவதில்லை. அடுத்த ஓட்டத்திலும் அதே குற்றம் தென்பட்டால்தான் விளக்கை ஏற்றும். ஆகவே எரியும் விளக்கைக் கணினியின் வீண் மயக்கம் என்று தள்ளிவிடுதல் ஆகாது.

மின்னும் விளக்கின் சங்கதி வேறு. சிலிண்டரில் எரியத் தவறிய பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குள் சென்று கன்வெர்ட்டரில் பற்றி எரிகிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற பீங்கான் அதனுள்ளே இருக்கிறது. அளவு மீறிச் சூடேறினால் அந்தக் கூடு உருகி அடைத்துக்கொள்ளும். 'இந்த நொடியே கேடு விளைகிறது' என்று சொல்லவே விளக்கு மின்னுகிறது. இதை வண்டியோடு வந்த கையேட்டில் என்றோ படித்தது அன்று நினைவுக்கு வந்தது. மேம்பாலத்தருகே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினோம். பெரியப்பாவை ஓர் ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பினோம். அவர் மனமில்லாமலே போனார். பாதி வழியில் வண்டி நின்று, கொட்டும் மழையில் இருதய நோயாளியை நடுச்சாலையில் இறக்க நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருந்தது.

மறுநாள் வண்டியைப் பார்த்த மேஸ்திரி மார்த்தாண்டத்துக்காரர். அவர் எங்களைக் கேட்ட முதற் கேள்வி, "சார், விளக்கை அழித்தால் போதுமா, பழுதைப் பார்க்க வேண்டுமா?" என்பது. முந்தைய பட்டறையில் யாரும் அதைக் கேட்கவில்லை.

ஸ்டியரிங்கின் கீழே பதினாறு முனைகள் கொண்ட ஒரு சொருகி உண்டு. அதில் கருவியை இணைத்தார். 'பி 0303' என்று வந்தது. மூன்றாவது சிலிண்டர் எரியத் தவறுகிறது என்பது அதன் பொருள். அகராதி போன்ற பட்டியல் ஒன்று இவ்வெண்களுக்கு இருக்கிறது. ஆனால் அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவனுக்கு என்ன நேரும் என்பதை நாங்கள் அறிவோம். சிலிண்டர் எரியாததற்கு ஸ்பார்க் பிளக் காரணமாகலாம். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் காரணமாகலாம். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரோ, காற்றழுத்தம் தங்காத வால்வோகூடக் காரணமாகலாம். எண்ணைப் பார்த்தவுடன் புதுச் சாமான் வாங்கச் சொல்பவரிடம் எச்சரிக்கையாயிருத்தல் நன்று.

மேஸ்திரி ஒன்றும் வாங்கச் சொல்லவில்லை. மூன்றாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டினார். முதலாவதை மூன்றாவதில் மாட்டினார். எஞ்சினை ஓட்டி மறுபடி பார்த்தபோது எண் 'பி 0301' ஆகியிருந்தது. காயிலோடு குற்றமும் இடம் பெயர்ந்துவிட்டது. காயிலின் ரப்பர் உறையில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தது. வறண்ட நாட்களில் எப்பொழுதாவது தவறிய அது, தம்பானூர் நீரின் ஈரம் பட்டதும் அடியோடு தவறிற்று. முதற் பட்டறையில் இவ்வாறு பார்த்திருந்தால் கால் மணி நேரம் பிடித்திருக்கும். புதிய காயிலோடு வண்டி சீராயிற்று. ஆனால் ஒரு மாதம் சென்றபின் விளக்கு மறுபடி எரிந்தது. இம்முறை எண் 'பி 0420'. கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது. விளக்கை அழித்துவிட்டு ஓட்டிய இரண்டு வாரங்களில் எரியாத பெட்ரோல் தன் வேலையைச் செய்திருந்தது. காயிலின் விலையைப் போலப் பல மடங்கு அதற்குக் கொடுத்தோம்.

நிலையாக எரியும் மஞ்சள் விளக்கோடு, வண்டி உதறாமலும் சூடேறாமலும் இருக்குமாயின், பதறாமல் வீடு சேர்ந்து சில நாட்களுக்குள் காட்டலாம். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாததே காரணமாக இருக்கும். மூடியை இறுக்கியபின் மூன்று ஓட்டங்களில் குற்றம் தென்படாவிட்டால், பெரும்பாலும் விளக்கு தானே அணைந்துவிடும். மின்னினால் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுக. எண்ணெய்க் குடம் போன்ற சிவப்பு விளக்கு முற்றிலும் வேறு. எண்ணெய் அழுத்தம் போய்விட்டது என்பது அதன் பொருள், அங்கேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். வெள்ளத்தில் எஞ்சின் தானாக நின்றுபோனால் மறுபடி முடுக்கிப் பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் உள்ளிருக்கும் தண்டுகள் வளைந்துவிடும்.

சாவியைத் திருப்பியவுடன், எஞ்சின் ஓடுமுன், இந்த விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். விளக்கு உயிரோடிருக்கிறது என்பதற்கு அது சான்று. அண்மையில் உறவினர் ஒருவர் பழைய வண்டி ஒன்றை வாங்க எங்களைத் துணைக்கு அழைத்தார். வண்ணப் பூச்சு பளபளத்தது, விலையும் மலிவு. சாவியைத் திருப்பினோம். மற்ற விளக்குகளெல்லாம் எரிந்தன. எஞ்சின் விளக்கின் இடம் மட்டும் இருண்டிருந்தது. முன்பணம் கொடாமலே பேருந்தேறித் திரும்பினோம்.