உழைக்கும் கைகளுக்கு ஒரு களிம்பு



மலைநாட்டுத் தேயிலையின் மணத்திற்கு மண்ணும் நீரும் மட்டுமன்றிக் காற்றும் ஒரு காரணமாகும். ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, அட்டன், மஸ்கெலியா முதலிய மேற்குச் சரிவுகளில் தன்னிடமுள்ள மழையைப் பெரும்பாலும் பொழிந்துவிடுகிறது. பின்னர் மலைமுகட்டைக் கடந்து ஊவாப் பக்கமும் உடப்புசல்லாவைப் பக்கமும் இறங்கும்போது அது ஈரமிழந்த வறண்ட காற்றாகிவிடுகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் இவ்வறண்ட காற்றிலே துளிர்க்கும் கொழுந்துக்குத் தனிச்சுவையும் தனிமணமும் உண்டென்று தேயிலை வணிகர் கூறுவர். அந்நாட்களில் அதற்குச் சந்தையில் மதிப்பும் மிகுதி.

கொழுந்துக்கு மணத்தைக் கொடுக்கும் இக்காற்று, அக்கொழுந்தைப் பறிக்கும் கைகளுக்கு எதனைக் கொடுக்கிறது? வறட்சியைக் கொடுக்கிறது, வெடிப்பைக் கொடுக்கிறது. வலப்பனைப் பிரதேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இராகலையைச் சூழ்ந்த குளிர்ந்த தேயிலை மலைகள். கீழே மகாவலிப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் வெப்பம் மிகுந்த வயற்கிராமங்கள். மேலே குளிரும், கீழே வெயிலும், இரண்டிற்கும் பொதுவாகக் காற்றும் சேர்ந்து மக்களின் தோலை உலர்த்திவிடுகின்றன. தை, மாசி மாதங்களில் நுவரெலியா மலைகளில் நிலத்தின்மீது உறைபனி படிகின்ற காலத்தையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, வறண்ட தோலுக்குப் பூசத்தக்க களிம்பு ஒன்றினை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையைப் பற்றியும், அதனைப் பயன்படுத்தும் முறையைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

இதனை அழகுக்கலை என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி நாளொன்றுக்குப் பதினெட்டு கிலோ, இருபது கிலோ எனக் கொழுந்து நிறுத்துக் கொடுக்கவேண்டியவளாக இருக்கிறாள். ஆயிரக்கணக்கான முறை அவளுடைய பெருவிரலும் சுட்டுவிரலும் காம்பை ஒடிக்கின்றன. கொழுந்தின் கறை விரல்களில் படிந்து கருக்கிறது. காலைப் பனியில் நனைந்த கை நண்பகல் வெயிலில் உலர்கிறது. மாலையில் வீடு திரும்பியதும் பீலித் தண்ணீரில் துணி துவைத்தலும், பாத்திரம் துலக்குதலும், அடுப்பு மூட்டுதலும் காத்திருக்கின்றன. கவ்வாத்து வெட்டும் ஆண்களின் உள்ளங்கைகளும், வெறுங்காலோடு மலையேறுவோரின் குதிகால்களும் இதே நிலையில்தான் இருக்கின்றன. விரல் நுனி பிளந்துவிட்டால் காம்பை ஒடிக்கும் ஒவ்வொரு முறையும் வலிக்கும். வலி மிகுந்தால் எடை குறையும். எடை குறைந்தால் வருமானமும் குறையும்.

அன்றியும், தோல் என்பது உடம்பின் மதில். மதிலில் ஏற்படும் பிளவு எத்துணைச் சிறிதாயினும் பகைவனுக்கு அதுவே வாயிலாகும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் மென்தோலுக்குச் சூரியகாந்தி எண்ணெயை முறையாகத் தடவிவந்தபோது, மருத்துவமனையில் அவர்களைப் பற்றும் தொற்றுநோய்கள் நூற்றுக்கு 41 பங்கு குறைந்தன என்று டாக்காவில் நடத்திய ஆய்வொன்று 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அது மருத்துவர் கண்காணிப்பில் செய்யப்பட்ட சிகிச்சை; வீட்டில் நாமாகச் செய்யத்தக்கதன்று. ஆயினும் தோலைப் பேணுவது உயிரைப் பேணுவதன் ஒரு பகுதி என்பதை அது நன்கு விளக்குகிறது.

இனி, தோல் ஏன் வறள்கிறது என்று பார்ப்போம். நம் தோலின் மேற்பரப்பு மிக மெல்லிய ஓர் அடுக்கு. உயிரற்ற நுண்ணிய செதில்கள் கல்மேல் கல்லாக அடுக்கப்பட்டிருக்க, அவற்றின் இடையே கொழுப்புப் பொருள்கள் சாந்துபோல் நிறைந்திருக்கின்றன. அந்தச் சாந்து உள்ளவரை உள்ளேயிருக்கும் நீர் வெளியே ஓடிவிடாது. சலவைச் சவர்க்காரமும், மிகச் சூடான நீரும், ஓயாத நனைதலும் உலர்தலும் அச்சாந்தைக் கரைத்துவிடுகின்றன. உடனே நீர் ஆவியாகி வெளியேறுகிறது. செதில்கள் விறைத்துப் பின்பு பிளக்கின்றன.

இவ்விடத்தில் ஒரு செய்தியை மனத்திற் கொள்ளவேண்டும். 1952ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இர்வின் பிளாங்க் என்பவர், காய்ப்பேறி உலர்ந்த தோற்றுண்டுகளை வைத்து ஒரு சோதனை செய்தார். எண்ணெயில் ஊறவைத்த துண்டு விறைப்பாகவே இருந்தது. நீரை ஏற்ற துண்டு மென்மையாகி வளைந்தது. தோலை மென்மையாக்குவது எண்ணெய் என்று அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். மென்மையைத் தருவது நீரே என்பதும், அந்த நீரைப் போகவிடாமல் காப்பதே எண்ணெயின் தொழில் என்பதும் இதனால் தெளிவாயின.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? உலர்ந்த தோலில் எண்ணெயைத் தடவுவது, நீரில்லாத குடத்திற்கு மூடி போடுவதை ஒக்கும். முதலில் குடத்தை நிரப்பவேண்டும், பின்பு மூடவேண்டும். இந்த ஒரு கருத்தை மறவாதிருந்தால், இன்று நான் சொல்லப்போகும் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

மெழுகையும் எண்ணெயையும் கூட்டிக் களிம்பு செய்வது மிகப் பழைய வழக்கம். இரண்டாம் நூற்றாண்டில் உரோமப் பேரரசில் வாழ்ந்த கேலன் என்னும் மருத்துவர், தேன்மெழுகு, ஒலிவ எண்ணெய், பன்னீர் ஆகியவற்றைச் சேர்த்துக் குளிர்களிம்பு செய்தார் என்பர். நமது சித்த மருத்துவத்திலும் குங்கிலிய வெண்ணெய் போன்ற பூச்சு மருந்துகள் வழங்கிவருகின்றன. நாம் செய்யப்போகும் களிம்பு இவற்றினும் எளியது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், தேன்மெழுகு ஆகிய மூன்று பொருள்களே இதற்குப் போதும்.

தேங்காய் எண்ணெயின் தகுதியைப் பற்றி ஐயம் வேண்டியதில்லை. வறண்ட தோலுடைய 34 பேரைக் கொண்டு பிலிப்பைன்ஸ் நாட்டில் செய்த ஆய்வொன்று 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. தோலின் ஈரத்தைக் காப்பதில் தேங்காய் எண்ணெய், மருந்துக்கடைகளில் கிடைக்கும் கனிம எண்ணெய்க்கு ஒப்பாகவே பயன்பட்டது என்று அதிற் கண்டனர். ஆனால், தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்திற்குக் கீழே உறைந்துவிடும் இயல்புடையது. மலைநாட்டு வீடுகளில் அடுப்பருகே போத்தலை வைத்து இளக்குவது நாம் அறிந்ததே. அதனால்தான் எளிதில் உறையாத நல்லெண்ணெயையும் சேர்க்கிறோம்.

தேன்மெழுகைத் தேனீ வளர்ப்போரிடம் வாங்கிக்கொள்ளலாம். காட்டிலும் மரத்திலும் உள்ள கூடுகளை நாடிச் செல்லுதல் கூடாது. தோட்டங்களில் குளவி கொட்டி உயிரிழந்தோர் உண்டென்பதை நாம் மறக்கலாகாது. தேன் எடுத்தபின் எஞ்சிய அடை கிடைத்தால், அதனை நீரில் இட்டுச் சூடாக்கித் துணியில் வடிகட்டி ஆறவிடுங்கள். மெழுகு மேலே மிதந்து கட்டியாகும். அதனை எடுத்து ஈரம் போக உலர்த்திக்கொள்ளுங்கள்.

அளவுகளைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளலாம். மேலே குளிர்ந்த மலைகளில் இருப்போர் தேங்காய் எண்ணெய் 50 கிராம், நல்லெண்ணெய் 50 கிராம், துருவிய தேன்மெழுகு 15 கிராம் எடுத்துக்கொள்க. கீழே வெப்பமான ஊர்களில் இருப்போர் தேங்காய் எண்ணெய் 70 கிராம், நல்லெண்ணெய் 30 கிராம், மெழுகு 20 கிராம் எடுத்துக்கொள்க. குளிரிடத்தில் மெழுகு மிகுந்தால் களிம்பு கல்லாகிவிடும். வெப்ப இடத்தில் குறைந்தால் உருகி ஓடிவிடும்.

அகன்ற பாத்திரம் ஒன்றில் நீரைக் கொதிக்க வையுங்கள். மூன்று பொருள்களையும் இட்ட சிறு பாத்திரத்தை அந்நீருக்குள் வையுங்கள். எண்ணெயையும் மெழுகையும் நேரே நெருப்பின்மீது வைத்தால் தீப்பற்றக்கூடும். மெழுகு 62 முதல் 64 பாகை வெப்பத்திலேயே உருகுவதால், கொதிநீரின் சூடே போதுமானது. எல்லாம் ஒன்றாய்க் கலந்து தெளிந்ததும் இறக்கி, குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். சிறிது நேரத்தில் அது உறையும். விரலால் தொட்டால் மிகவும் இளகியிருக்குமாயின் சிறிது மெழுகும், மிகவும் கடினமாயின் சிறிது எண்ணெயும் சேர்த்து மறுபடி உருக்கலாம். தராசு இல்லாத வீட்டிலும் இந்தத் தட்டுச் சோதனையைக் கொண்டு பதத்தைக் கண்டுகொள்ளலாம். பின்னர், நன்றாகக் கழுவி முற்றிலும் உலரவைத்த சிறு போத்தல்களில் ஊற்றி, ஆறியபின் மூடுங்கள்.

இக்களிம்பில் நீரைச் சேர்க்கலாகாது. கற்றாழைச் சாறு, பால், பன்னீர், தேன் முதலியவற்றைச் சேர்க்கச் சொல்வோர் உண்டு. நீர்ப்பொருள் புகுந்த களிம்பில் சில நாட்களிலேயே பூஞ்சணமும் கிருமிகளும் வளரத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியுமுன்பே அவை பெருகியிருக்கக்கூடும். அதனை வெடித்த தோலிற் பூசுவது நோயை விலைகொடுத்து வாங்குவதாகும். ஈரக்கையைப் போத்தலுக்குள் விடாமல் உலர்ந்த கரண்டியால் எடுத்தால், நமது களிம்பு சில மாதங்கள் கெடாதிருக்கும். சிக்கு வாடை வந்துவிட்டால் எறிந்துவிட வேண்டும்.

தைல மரங்கள் நம் மலைகளில் நிறைய உண்டு. அத்தைலத்தில் இரண்டு துளி விட்டால் மணக்குமே என்று தோன்றும். வேண்டாம். அது வெடிப்பில் எரிச்சலை மூட்டும். சிறு குழந்தைகளுக்குத் தீங்கும் செய்யும். மேலும், அயல் வாசனையை எளிதில் பற்றிக்கொள்வது தேயிலையின் இயல்பு. மணமற்ற களிம்பே கொழுந்தெடுக்கும் கைக்கு ஏற்றது.

இனிப் பூசும் முறை. மாலை வேலைகள் முடிந்தபின் கைகால்களை இளஞ்சூடான நீரில் பத்து நிமிடம் நனைய விடுங்கள். துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் சற்றே ஈரமாய் இருக்கும்போதே, மூன்று நிமிடங்களுக்குள், பட்டாணி அளவு களிம்பை எடுத்து விரல் இடுக்குகளிலும் குதிகாலிலும் படியத் தடவுங்கள். குதிகால் வெடிப்பு உள்ளவர்கள் அதன்மேல் பழைய பருத்திக் காலுறையை அணிந்து உறங்கலாம். எண்ணெய் பூசிய கையோடு அடுப்பருகே செல்ல வேண்டாம். முதன்முறை பூசுவோர் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்து, சிவப்போ அரிப்போ இல்லையெனில் தொடர்க.

கொழுந்துக் கறையைப் போக்க எலுமிச்சங்காயைத் தேய்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சிலருக்குக் கொப்புளமும் கருந்தழும்பும் உண்டாகும். கறை நோயன்று, உழைப்பின் அடையாளம். அது தானே மறையும்.

கடையில் வாங்கும் பொருள்கள் எல்லாம் தீயவை என்று நான் சொல்லவில்லை. 1872ஆம் ஆண்டில் ராபர்ட் சீஸ்பரோ என்பவர் காப்புரிமை பெற்ற வாஸ்லினும் ஈரத்தைக் காக்கும் வேலையைச் செவ்வனே செய்யும். நிறத்தை வெளுக்கச் செய்வதாகக் கூறி விற்கப்படும் பூச்சுகளில்தான் எச்சரிக்கை வேண்டும். அவற்றுட் சிலவற்றில் பாதரசம் கலந்துள்ளது. பாதரசம் தோலின் வழியே உட்சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013ஆம் ஆண்டில் ஜப்பானில் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கு மேல் பாதரசமுள்ள அழகுப் பூச்சுகளை 2020ஆம் ஆண்டோடு நிறுத்தவேண்டும் என விதித்தது. 2023ஆம் ஆண்டில் அந்த ஒரு பங்கும் ஆகாதென்று தீர்மானித்தனர். இலங்கையும் அவ்வுடன்படிக்கையில் இணைந்த நாடு. ஆயினும், செய்பவர் பெயரும் சேர்ந்துள்ள பொருள்களின் விவரமும் இல்லாத பூச்சை வாங்காதிருப்பதே நமக்கு நாமே இடும் சட்டமாக இருக்கவேண்டும்.

களிம்பால் ஆகாதவையும் உண்டு. வெடிப்பில் இரத்தமோ சீழோ வடிதல், வீக்கம், காய்ச்சல், இரவில் மிகும் அரிப்பு, விரல் இடுக்கில் வெண்மையாய் ஊறிய புண் ஆகியவை இருப்பின் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நீரிழிவு நோயாளர் காலிலுள்ள சிறு வெடிப்பையும் அசட்டை செய்யலாகாது. வலி தெரியாமலே அது பெரும் புண்ணாகிவிடக்கூடும்.

நேயர்களே, ஒரு கோப்பைத் தேநீருக்குப் பின்னால் எத்தனையோ கைகள் இருக்கின்றன. அக்கைகள் தமக்கென்று மாலையில் ஒதுக்கவேண்டியது பதினைந்து நிமிடம். அதற்கு வேண்டிய பொருள்களில் இரண்டு சமையலறையிலேயே உள்ளன. நீரால் நனைத்து, நெய்ப்பொருளால் காத்துக்கொள்ளுங்கள். தாய் தன் கைக்குப் பூசும்போது மகள் அருகிருந்து பார்ப்பாளாயின், இப்பழக்கம் அடுத்த தலைமுறைக்கும் வந்துசேரும்.