குடோனைத் திறந்து பாருங்கள்

இன்று பட்டம் பெறும் தம்பி தங்கைகளே,

வணிகவியல் படித்தவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "கம்பெனியில் ஃபைனான்ஸ் வேலைக்குப் போய்விட்டால், பிறகு இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்குக்கு மாற முடியுமா மேடம்?" முடியும். கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவிலிருந்துதான் நான் மும்பையில் அந்த வேலைக்குப் போனேன். ஆலையில் கழித்த காலம் வீண் என்று அப்போது பலர் சொன்னார்கள். ஆனால் அந்தக் காலம்தான் என் கைமுதல்.

ஆலையில் மாதம் பிறந்தால் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். பஞ்சு எத்தனை பேல், நூல் எத்தனை மூட்டை, யார் எவ்வளவு தர வேண்டும் என்று எழுதுவோம். 90 நாள் தாண்டிய பாக்கியை வங்கி பொதுவாகக் கணக்கில் சேர்க்காது. பஞ்சு சீசனில் பணமெல்லாம் குடோனில் முடங்கிவிடும்; சம்பளத் தேதி மட்டும் தள்ளிப்போகாது. லாபம் வேறு, கையில் இருக்கும் பணம் வேறு என்பதை அங்கேதான் உடம்பால் தெரிந்துகொண்டேன். அதற்கு முன்பே, கல்லூரியில் எங்கள் பேராசிரியர் பணவரத்து அறிக்கையைக் கையால் எழுத வைத்து, கூட்டல் சரியாகும்வரை வீட்டுக்கு விடமாட்டார். அவரை அன்று திட்டாதவர்களே கிடையாது!

மும்பை போன புதிதில், பங்கு வெளியிடத் தயாராகிக்கொண்டிருந்த ஓர் உதிரிபாகக் கம்பெனிக்கு டியூ டிலிஜென்ஸுக்காகப் போனோம். எங்கள் எக்ஸெல் மாடலில் லாபம் வருடா வருடம் ஏறியது. செயல்பாட்டுப் பணவரத்தோ இறங்கிக்கொண்டே வந்தது. பாக்கிப் பட்டியலை வயதுவாரியாகக் கேட்டேன். பிறகு குடோனைத் திறக்கச் சொன்னேன். ஜூலை மாதம் அது. மார்ச் கடைசி வாரத்தில் விற்றதாகக் கணக்கில் ஏறிய பெட்டிகள் தூசி படிந்து வரிசையாக அடுக்கியிருந்தன. "பில் போட்டாச்சு மேடம், லாரிதான் இன்னும் வரல" என்றார் ஸ்டோர் கீப்பர். அந்த வெளியீடு நின்றது. குழுவில் என்னைவிடப் பெரிய படிப்புப் படித்தவர்கள் இருந்தார்கள். மார்ச் மாத பில்லைச் சந்தேகப்பட ஆலையில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு வெளியீட்டையும் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் கார் செய்யும் ஹூண்டாய் மோட்டார் இந்தியா, 2024 அக்டோபரில் சுமார் 27,870 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அதுவரை இந்தியா கண்ட மிகப் பெரிய வெளியீடு. அதில் ஒரு ரூபாய்கூட அந்தத் தொழிற்சாலைக்கு வரவில்லை. கொரியத் தாய் நிறுவனம் தன் பங்குகளை விற்ற பணம் அது. சட்டப்படி அதில் தவறே இல்லை. ஆனால் பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று முதலில் கேட்பவர், கம்பெனிக்குள் இருந்து வந்தவராகத்தான் பெரும்பாலும் இருப்பார்.

இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்குக்கு மாற விரும்புகிறவர்கள் மதிப்பீட்டையும் மாடலிங்கையும் இரவில் உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும். அதைவிட முக்கியமாக, உங்கள் கம்பெனி பெரிய கடன் வாங்கினாலோ இன்னொரு கம்பெனியை வாங்கினாலோ அந்தக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். வெளியிலிருந்து வரும் பேங்கர்களோடு ஒரே மேஜையில் உட்காரும் வாய்ப்பு அதில்தான் கிடைக்கும்.

இந்த வாரமே ஒன்று செய்யலாம். பங்கு வெளியிட வரும் கம்பெனிகளின் வரைவு ஆவணங்கள் செபி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தெரிந்த ஊர்க் கம்பெனி ஒன்றினுடையதை எடுங்கள். லாபத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் அபாயக் காரணிகள், அடுத்து மூன்று ஆண்டுப் பணவரத்து, பிறகு திரட்டும் பணம் எதற்கு என்ற பகுதி. படித்துக் கேள்வி வந்தால் எழுதுங்கள். என் விலாசத்தை உங்கள் துறை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.